‘லோயர் ஒண்டுமே கேக்கல்ல’: இந்தக் காரணத்தை வைத்து மேன்முறையீட்டுக்குப் போகும் மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்களுக்குக் கிடைக்கும் சேவை எப்படி?

மட்டக்களப்பு மேல் நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பு வாசித்த நாளில் குடும்பத்தார் முதலில் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: “லோயர் ஒண்டுமே கேக்கல்ல.” கல்முனையிலும் அம்பாறையிலும் அதே பேச்சு. அந்த ஒரு வசனத்தோடு கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போகிறவர்களுக்கு வழியில் என்னென்ன உதவி கிடைக்கிறது, எது உருப்படியாக வேலை செய்கிறது, எந்த இடத்தில் காரியம் கெட்டுப்போகிறது என்பதை ஒவ்வொரு கட்டமாக மதிப்பிட்டு எழுதுகிறோம்.

முடிவை முதலே சொல்லிவிடலாம். சிறைச்சாலை வழியாக மேன்முறையீட்டைப் பதிவுசெய்யும் ஏற்பாடு நல்லது, இலவசம், நம்பலாம். வழக்கேட்டுப் பிரதி கையில் கிடைக்கும் கட்டம் மிகவும் மெதுவானது, ஆனால் எல்லாவற்றிலும் பெறுமதியானதும் அதுதான். சட்டத்தரணியின் பிழை என்ற காரணமோ தனியாக நிற்கும்போது பலவீனமானது. வேறொரு வலுவான காரணத்தின் தோளில் ஏற்றினால்தான் அது நடக்கும்.

ஏன் பலவீனம்? எங்கள் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் (1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம்) ‘எதிரியின் (குற்றஞ்சாட்டப்பட்டவரின்) சட்டத்தரணி திறமையில்லாதவர்’ என்று ஒரு தனி மேன்முறையீட்டுக் காரணம் கிடையாது. அரசியலமைப்பின் 13(3)ஆம் உறுப்புரை தருவது நேரடியாகவோ சட்டத்தரணி மூலமோ நியாயமான விளக்கத்தில், அதாவது வழக்கு விசாரணையில், கேட்கப்படும் உரிமை. 138ஆம் உறுப்புரையில் அதற்கு எதிர்ப்பக்கமாக ஒரு காப்பு வாசகம் இருக்கிறது: தரப்பினரின் முக்கிய உரிமைகளைப் பாதிக்காத, நீதி தவறச் செய்யாத பிழைக்காக எந்தத் தீர்ப்பையும் மாற்றக்கூடாது. ஆகவே கொழும்பில் கேட்கப்படும் கேள்வி “லோயர் நல்லவரா, கெட்டவரா” என்பதல்ல. “அவர் செய்யாமல் விட்டதால் இந்த விளக்கம் நியாயமற்றதாகப் போயிற்றா, அதைச் செய்திருந்தால் தீர்ப்பு வேறாக இருந்திருக்குமா” என்பதே கேள்வி. அமெரிக்காவில் 1984இல் ஸ்ட்ரிக்லண்ட் வழக்கில் வைத்த இரட்டைச் சோதனையும் இதே சாயல்தான்: சட்டத்தரணியின் வேலை தரத்துக்குக் கீழே இருந்ததா, அதனால் முடிவு மாறியிருக்கக்கூடிய நியாயமான சாத்தியம் உண்டா. அந்தத் தீர்ப்பு எங்கள் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. என்றாலும் வாதத்தை ஒழுங்குபடுத்த நல்ல அச்சு. இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாமல் முதல் கேள்வியை மட்டும் பத்துப் பக்கம் எழுதிக்கொண்டு போகிற மனுக்கள் நிற்பதில்லை.

பதினான்கு நாள்

மேல் நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிரான மேன்முறையீட்டை 14 நாளுக்குள் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது மேலே சொன்ன சட்டக்கோவையின் 331ஆம் பிரிவு. தீர்ப்புச் சொன்ன நாளும் கணக்கில் சேரும். இதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள், மறுநாளிலிருந்து எண்ணுவதால் ஒரு நாள் போய்விடும். ஞாயிற்றுக்கிழமையையும் பொது விடுமுறையையும் கழிக்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறதே என்று அதில் தொங்கிக்கொண்டிருக்க வேண்டாம். பத்தாவது நாளே கடைசி நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே சட்டம் ஒரு நல்ல வசதி செய்து வைத்திருக்கிறது. மறியலில் இருப்பவர் தான் மேன்முறையீடு செய்ய விரும்புவதையும் அதற்கான காரணங்களையும் ஜெயிலரிடம் சொன்னால் போதும். மனுவைத் தயாரித்து, தீர்ப்பளித்த நீதிமன்றத்தில் சேர்ப்பது ஜெயிலரின் கடமை. சட்டத்தரணி வேண்டாம், காசு வேண்டாம், கொழும்புக்குப் போக வேண்டாம். நாட்கணக்கைக் காப்பாற்றுவதில் இதற்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கலாம். காரணங்களை எழுதும் தரத்துக்கு ஐந்துக்கு ஒன்றுக்கு மேல் கொடுக்க முடியாது. அது ஜெயிலரின் குற்றமில்லை, அவருக்கு வழக்குத் தெரியாது. “நான் குற்றமற்றவன், எனது சட்டத்தரணி சரியாக வாதாடவில்லை, தண்டனை கூடியது” என்று மூன்று வரி எழுதுவார். அந்த மூன்று வரி வாசலைத் திறந்து வைக்கிறது. விரிவான காரணங்களைப் பிறகு எழுத்துமூலச் சமர்ப்பணத்தில் சட்டத்தரணி எடுத்துவைக்கலாம்.

பார்வைக்குப் போகிற குடும்பத்தார் செய்ய வேண்டிய வேலை ஒன்றுண்டு. தீர்ப்பு வந்த கிழமையே போய், “ஜெயிலரிட்ட சொன்னியா, கையெழுத்து வச்சியா, எண்டைக்கு?” என்று மூன்றையும் கேளுங்கள். பிறகு மேல் நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் மனு வந்து சேர்ந்ததா என்று வழக்கு இலக்கத்தைக் கொடுத்துப் பாருங்கள். “லோயர் சேர் அப்பீல் போட்டுட்டன் எண்டவர்” என்று வாய்ப்பேச்சில் இருந்துவிட்டு மாதங்கள் கழித்து எதுவுமே பதிவாகவில்லை என்று அறிவதைவிடக் கொடுமை வேறில்லை. தனியார் சட்டத்தரணி மனுப் போடுகிறார் என்றாலும் சிறைச்சாலை மனுவையும் கொடுத்து வையுங்கள்.

நாள் கடந்துவிட்டால் மிஞ்சுவது மீளாய்வு மனு. அது உரிமையாகக் கிடைப்பதில்லை. விசேட சூழ்நிலை காட்ட வேண்டும், தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும், 1990ஆம் ஆண்டின் மேன்முறையீட்டு நீதிமன்ற விதிகளின்படி சத்தியக்கடதாசியும் சான்றுப்படுத்திய பிரதிகளும் சேர்த்தே கொடுக்க வேண்டும். பிரதியில்லாத மீளாய்வு மனு முதல் தவணையிலேயே விழலாம். நீதவான் நீதிமன்றத் தீர்ப்பென்றால் பாதை வேறு: மேன்முறையீடு மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகும், கொழும்புக்கு அல்ல. நாள் அதற்கும் 14தான்.

வழக்கேடு

எல்லாம் இதில்தான் இருக்கிறது. மேன்முறையீட்டு நீதிமன்றம் சாட்சிகளைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்பதில்லை, தட்டச்சடித்த வழக்கேட்டை வாசிக்கிறது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் விளக்கம் தமிழில் நடக்கிறது. அம்பாறையில் பெரும்பாலும் சிங்களத்தில். கொழும்பில் வாதம் ஆங்கிலத்தில். சுருக்கெழுத்திலிருந்து தட்டச்சு, தட்டச்சிலிருந்து சரிபார்ப்பு, பிறகு பிரதிகள் என்று வருடக்கணக்கில் இழுபடும் கட்டம் இது. இந்த வேகத்துக்கு ஐந்துக்கு ஒன்று. காத்திருக்கும் காலத்தில் சும்மா இராமல், பதிவாளருக்கு நகர்த்தல் பத்திரம் (எழுத்துமூல விண்ணப்பம்) கொடுத்து, கட்டணம் கட்டி, உங்களுக்கென்று சான்றுப்படுத்திய பிரதி எடுங்கள். குற்றப்பகர்வுப் பத்திரம் (குற்றச்சாட்டுகள் எழுதிய பத்திரம்), நாளாந்தக் குறிப்புகள், சாட்சியம் முழுவதும், அடையாளமிட்ட ஆவணங்கள், தீர்ப்பு, தண்டனைக் கட்டளை, கீழே நீதவான் நீதிமன்றத்தில் பொலிசார் கொடுத்த பி அறிக்கைகள் எல்லாம் வேண்டும். நாளாந்தக் குறிப்புகளை மறந்துவிட்டு சாட்சியத்தை மட்டும் எடுப்பவர்கள் பலர். ஆனால் எந்தத் தவணையில் யார் எதிரிக்காகத் தோன்றினார், எப்போது சட்டத்தரணி மாறினார், எந்த நாளில் நியமிக்கப்பட்டு எந்த நாளில் விளக்கம் தொடங்கியது என்பதெல்லாம் அந்தக் குறிப்புகளில்தான் கிடக்கும். நியமிக்கப்பட்ட சட்டத்தரணி வழக்கை வாசிக்க நேரமில்லாமல் அதே நாளில் முதல் சாட்சியை எதிர்கொண்டார் என்று ஒரு குறிப்பு காட்டுமானால், அது குடும்பத்தார் பத்துப் பேரின் சத்தியக்கடதாசியைவிடக் கனமானது.

ஒரு பக்கத்தை எப்படி வாசிப்பது என்று கிட்டப்போய்க் காட்டுகிறோம். எடுத்துக்காட்டாக நாங்களே அமைத்த பக்கம் இது. கண்கண்ட சாட்சி ஒருவர், இரவு ஒன்பதரை, ஏறாவூர்ப் பக்கம் ஒரு ஒழுங்கை. முதன்மை விசாரணை ஏழு பக்கம். அதற்குக் கீழே ‘குறுக்கு விசாரணை’ என்ற தலைப்பு, பிறகு இவ்வளவுதான்:

கே: நீங்கள் பொலிசுக்கு வாக்குமூலம் கொடுத்தீர்களா?
ப: ஓம்.
கே: அன்றிரவு வெளிச்சம் இருந்ததா?
ப: தெருவிளக்கு இருந்தது.
கே: நீங்கள் சொல்வது முழுவதும் பொய் என்று பிரேரிக்கிறேன்.
ப: இல்லை.

குடும்பம் இதைப் பார்த்துவிட்டு “மூன்றே கேள்வி” என்று கொதிக்கும். கேள்வியின் எண்ணிக்கையால் நீதிமன்றம் அசையாது. மூன்று கேள்வியில் வழக்கை உடைத்தவர்களும் உண்டு. பார்க்க வேண்டியது இல்லாத கேள்விகளை. விளக்கு எத்தனை அடி தூரத்தில்? எதிரியின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது? எத்தனை நொடி பார்த்தீர்கள்? முன்பு தெரிந்தவரா? பொலிஸ் வாக்குமூலத்தில் பெயர் சொன்னீர்களா? கடைசிக் கேள்விதான் உயிர்நாடி. சாட்சி கூண்டில் சொன்னதை வலுப்படுத்தப் பொலிஸ் வாக்குமூலத்தைப் பயன்படுத்த அதே சட்டக்கோவையின் 110(3)ஆம் பிரிவு விடாது, ஆனால் சாட்சி வேறொரு நேரத்தில் வேறு கதை சொன்னார் என்று காட்டப் பயன்படுத்தலாம். வாக்குமூலத்தில் ‘ஆளைத் தெரியாது’ என்று இருந்து, அதைச் சட்டத்தரணி முரண்பாடாக அடையாளமிடாமல் விட்டிருந்தால், அது இடம், பக்கம், வரியோடு காட்டக்கூடிய பிழை. ‘பொய் என்று பிரேரிக்கிறேன்’ என்ற வசனம் எதிரியின் கதையைச் சாட்சிக்கு முன்வைத்ததாக ஆகாது. எதிரி எங்கே இருந்தார், ஏன் இந்தச் சாட்சி அவரைக் காட்டுகிறார் என்பது வைக்கப்படவேயில்லை. குறுக்கு விசாரணையில் மறுக்கப்படாத விடயம் ஏற்றுக்கொள்ளப்பட்டதாகக் கருதப்படும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2002இல் பஞ்சாப் வழக்கொன்றில் சொன்னதை எங்கள் நீதிமன்றங்களும் எடுத்துப் பின்பற்றுகின்றன. ஆகவே கேட்காமல் விட்ட கேள்வி தீர்ப்பிலே எதிரிக்கு எதிராகவே எழுதப்பட்டிருக்கும். அந்த வரியைத் தீர்ப்பில் தேடிப் பிடியுங்கள். ‘இச்சாட்சியம் எதிர்த்தரப்பால் சவாலுக்குட்படுத்தப்படவில்லை’ என்பது போல இருக்கும். பிழையும் பாதிப்பும் சந்திக்கும் இடம் அதுதான்.

எந்தப் பிழை எடுபடும்

சாட்சிக் கூண்டில் ஏற்றாமல் எதிரிக் கூண்டிலிருந்து வாக்குமூலம் கொடுக்கச் சொன்னது, ஆபத்தான கேள்வியைத் தவிர்த்தது, ஒரு சாட்சியை வேண்டுமென்றே கூப்பிடாதது என்பவை உத்தி. தோற்ற பிறகு உத்தி பிழையாகத்தான் தெரியும், ஆனால் அதை நீதிமன்றம் திரும்ப எடைபோடாது. எதிரிக்குத் தன் தெரிவுகள் விளக்கப்படவேயில்லை, அல்லது அவர் சாட்சியமளிக்க வேண்டும் என்று சொல்லியும் சட்டத்தரணி தடுத்தார் என்றால் கதை வேறு. அப்போதும் வழக்குத்தொடுநர் தரப்பு முடிந்தபின் நீதிபதி எதிரிக்கு உரிமைகளை விளக்கியதாகப் பதிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் “சொல்லவேயில்லை” என்ற கதை நிற்காது.

எடுபடக்கூடிய பிழைகளில் முதலிடம் வேறிடத்திருந்த வாதத்துக்கு. 2005ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் திருத்தம் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் 126அ பிரிவைக் கொண்டுவந்த பிறகு, குற்றம் நடந்த வேளையில் தான் வேறிடத்தில் இருந்ததாக எதிரி சாட்சியம் வைக்க வேண்டுமானால், பொலிஸ் வாக்குமூலத்திலோ நீதவான் முன் நடக்கும் சுருக்கமுறையற்ற (ஆரம்ப) விசாரணையிலோ சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் குற்றப்பகர்வு கையளிக்கப்பட்ட பிறகு, விளக்கம் தொடங்க 14 நாளுக்கு முன் சட்டமா அதிபருக்கு அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும். வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து பலநாள் படகில் போன ஒருவரை எடுத்துக்கொள்வோம். புறப்பாட்டு அனுமதிப் பதிவில் பெயர் இருக்கிறது, கூடப் போன மூன்று பேர் இருக்கிறார்கள். அறிவித்தல் அனுப்பாததால் அவர்களைக் கூப்பிட முடியாமல் போனால், அது உத்தியில்லை, வேலை செய்யாமை. போதிய காரணம் காட்டினால் நீதிமன்றம் பிந்திய அறிவித்தலையும் ஏற்கலாம் என்று அதே பிரிவில் இருக்கிறது. அதையும் கேட்காமல் விட்டிருந்தால் பிழை இரட்டிப்பு. இப்படியான இடத்தில் 139(2)ஆம் உறுப்புரை மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் புதுச் சாட்சியம் ஏற்கும் அதிகாரம் தருகிறது. புறப்பாட்டுப் பதிவின் சான்றுப்படுத்திய பிரதி, மூன்று பேரின் சத்தியக்கடதாசி, விளக்கத்தின்போது இவர்கள் இருப்பது சட்டத்தரணிக்குத் தெரியும் என்பதற்கான ஆதாரம் என்று மூன்றும் வேண்டும். மூன்றாவதுதான் பெரும்பாலும் இல்லாமல் போகிறது. சட்டத்தரணிக்கு அனுப்பிய வட்ஸ்அப் செய்தி, கொடுத்த கடிதத்தின் பிரதி, கட்டணப் பற்றுச்சீட்டு எதையும் அழிக்காதீர்கள்.

அடுத்தது அதே சட்டக்கோவையின் 420ஆம் பிரிவின் கீழான ஒத்துக்கொள்ளல்கள். நேரம் மிச்சம் பிடிக்க இரண்டு தரப்பும் சில விடயங்களை ஏற்றுக்கொண்டு பதிவுசெய்வது வழக்கம். பிரேத பரிசோதனை அறிக்கையை ஒத்துக்கொள்வதால் பல வழக்குகளில் ஒரு நட்டமும் இல்லை. போதைப்பொருள் வழக்கில் பொருள் கைமாறிய சங்கிலியையும் அரச பகுப்பாய்வாளர் அறிக்கையையும் சேர்த்து ஒத்துக்கொண்டால், எதிரியிடம் மிஞ்சுவது என்ன? 2 கிராமுக்கு மேல் தூய ஹெரோயின், 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தத்துக்குப் பிறகு 5 கிராம் ஐஸ் (மெத்தம்பெட்டமைன்) என்றால் ஆயுள் அல்லது மரண தண்டனை. நிறை என்ன, முத்திரை யார் வைத்தார், எந்தப் பொலிஸ் நிலையத்தில் எத்தனை நாள் இருந்தது என்பவைதான் அங்கே வழக்கே. அப்படியான ஒத்துக்கொள்ளலில் எதிரியின் கையொப்பம் இருக்கிறதா, நீதிபதி அவருக்கு வாசித்து விளங்கப்படுத்தியதாகக் குறிப்பு உண்டா என்று பாருங்கள்.

இரண்டு எதிரிகளுக்கு ஒரே சட்டத்தரணி என்பது எங்கள் பக்கத்தில் சாதாரணம். அண்ணன் தம்பி, மாமன் மருமகன், ஒரே செலவு. இருவரும் “நாங்கள் அங்கே இல்லை” என்றால் பிரச்சினை இல்லை. ஒருவர் “நான் அங்கே இருந்தேன், வெட்டியது மற்றவர்” என்று சொல்ல வேண்டிய நிலை வந்ததும் அந்தச் சட்டத்தரணி ஒருவரைக் கைவிட்டே ஆக வேண்டும். இந்த நலன் முரண் வழக்கேட்டிலேயே தெரிகிற பிழை, வலுவானது.

அம்பாறை மேல் நீதிமன்றத்தில் சிங்களத்தில் நடந்த விளக்கத்தில் தமிழ் பேசும் எதிரி என்றால், மொழிபெயர்ப்பாளர் இருந்தாரா என்பதை ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியே பாருங்கள். 24ஆம் உறுப்புரை மொழிபெயர்ப்பு உரிமை தருகிறது. இதைச் சட்டத்தரணியின் பிழையாக மட்டும் எழுதுவது வீண், நீதிமன்றம் பார்த்துக்கொள்ள வேண்டிய உரிமை அது.

அங்கேதான் எங்கள் முக்கியமான புத்திமதி வருகிறது. சட்டத்தரணியின் ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்தில் நீதிபதியின் பிழை ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். வெளிச்சம் பற்றிச் சட்டத்தரணி கேட்கவில்லை, சரி. ஆள் அடையாளம் பற்றிய சாட்சியத்தை எப்படி எச்சரிக்கையாக அணுக வேண்டும் என்று இங்கிலாந்தில் 1976இல் டர்ன்புல் வழக்கு சொன்ன அளவுகோல்களை நீதிபதி பார்த்தாரா? வேறிடத்தில் இருந்ததை எதிரி நிரூபிக்கத் தேவையில்லை, நியாயமான சந்தேகம் எழுந்தால் போதும் என்பதைத் தீர்ப்பு மறந்துவிட்டதா? நீதிபதியின் பிழையை முதல் காரணமாகவும் சட்டத்தரணியின் பிழையைக் கடைசிக் காரணமாகவும் வைத்த மனுவே நல்ல மனு. ஒழுங்கைத் தலைகீழாக்கினால், தோற்றவர் பழியைத் தூக்கி லோயர்மேல் போடுகிறார் என்ற எண்ணத்தோடுதான் வாசிப்புத் தொடங்கும்.

குற்றத்தைச் சட்டத்தரணியின் சொல் கேட்டு ஒத்துக்கொண்டவர்களுக்கு இந்தச் சேவை மிகக் குறைவாகத்தான் உதவும். ‘ஒத்துக்கிட்டா விட்டுடுவாங்க’ என்று சொல்லப்பட்டதைக் காட்ட எழுத்தில் ஏதும் இல்லாவிட்டால் தண்டனையைக் குறைக்கக் கேட்பதோடு நிற்பது நல்லது.

பழைய சட்டத்தரணியிடம் கேட்பது

இதை விரும்பாதவர்கள்தான் அதிகம். ஆனால் செய்யாமல் போனால் மனு பாதி வழியில் நிற்கும். இங்கிலாந்தில் 2014இல் மக்குக் வழக்குக்குப் பிறகு, புதுச் சட்டத்தரணி முன்னைய சட்டத்தரணியிடம் விபரம் கேட்டுச் சரிபார்க்காமல் இப்படியான காரணத்தை எழுதவே கூடாது என்பது கண்டிப்பு. இங்கேயும் அதே ஒழுங்கைப் பின்பற்றுவது புத்தி. மற்றப் பக்கத்தைக் கேட்காத குற்றச்சாட்டை எந்த நீதிபதியும் நம்பமாட்டார்.

சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவுப்படி சட்டத்தரணி தன் கட்சிக்காரர் சொன்னதை அவரது வெளிப்படையான சம்மதமின்றி வெளியிட முடியாது. ஆகவே மறியலில் இருப்பவரின் கையொப்பத்தோடு சம்மதக் கடிதம் முதலில் வேண்டும். அதில் வழக்கு இலக்கம், நீதிமன்றம், ‘எனது அறிவுறுத்தல்கள் தொடர்பாகக் கீழுள்ள கேள்விகளுக்குப் பதிலளிக்கச் சம்மதிக்கிறேன்’ என்ற வரி, திகதி, சாட்சி ஒருவரின் கையொப்பம் இவ்வளவு போதும். கேள்விகளைக் குற்றச்சாட்டாக எழுதாதீர்கள். ‘ஏன் எங்களை ஏமாற்றினீர்கள்’ என்று எழுதினால் பதில் வராது. ‘படகுச் சாட்சிகள் மூவரின் பெயர் உங்களுக்கு எப்போது தரப்பட்டது? 126அ அறிவித்தல் அனுப்பப்பட்டதா? அனுப்பாவிட்டால் அதற்குக் காரணம் உண்டா?’ என்று மூன்று நான்கு கேள்வி, பதிவுத் தபாலில், பதிலுக்கு இரண்டு கிழமை. பழைய கோப்பைத் திருப்பிக் கேட்பதும் அதே கடிதத்திலேயே. பதில் வந்தாலும் வராவிட்டாலும் தபால் பற்றுச்சீட்டோடு அந்தக் கடிதம் மனுவின் இணைப்பாகும். சம்மதம் கொடுத்தால் எதிரிக்குப் பாதகமான பேச்சும் வெளியே வரலாம். ‘தான் வெட்டினதாக என்னிடம் சொன்னார்’ என்று சட்டத்தரணி எழுதினால் என்ன செய்வது என்பதைக் கையொப்பத்துக்கு முன் யோசிக்க வேண்டும். அதற்குப் பிறகு திரும்பிப் போக வழியில்லை.

யார் வாதாடுவது

சட்டத்தரணி இல்லாத மேன்முறையீட்டாளருக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் சட்டத்தரணி ஒருவரை நியமிக்கும். செலவில்லை. அனுபவமுள்ளவர்கள் பலர் இந்தப் பணியைப் பொறுப்போடு செய்கிறார்கள், சட்டக் காரணங்களில் நன்றாக வாதாடுகிறார்கள். குறை எங்கே என்றால், கொழும்பிலிருக்கும் அவர் மட்டக்களப்பில் சாட்சி தேடமாட்டார், சிறைக்கு வந்து மூன்று மணித்தியாலம் கதைக்கமாட்டார். வழக்கேட்டுக்கு வெளியே ஆதாரம் தேவைப்படும் சட்டத்தரணிப் பிழை என்ற காரணத்துக்கு இது பெரிய இடைவெளி. அந்த வேலையைக் குடும்பம் செய்து, இணைப்புகளை ஒழுங்குபடுத்தி, ஒரு பக்கச் சுருக்கத்தோடு அவர் கையில் சேர்த்தால் இந்தச் சேவைக்கு ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். சேர்க்காவிட்டால் இரண்டு.

1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையத்துக்கு ஆவணங்களோடு போனால் ஆலோசனையாவது கிடைக்கும். வெறுங்கையோடு போகாதீர்கள். தேசிய அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் வருமானச் சான்றிதழ், தீர்ப்பின் பிரதி, சிறைச்சாலை மனுவின் திகதி இவை இருந்தால் பேச்சு முதல் நாளே வேலைக்கு வரும்.

தனியார் சட்டத்தரணி என்றால் கேட்க வேண்டியது கட்டணத்தை மட்டுமல்ல. வழக்கேடு முழுவதையும் அவரே வாசிப்பாரா, தமிழில் வாசிக்கத் தெரிந்தவரா, எழுத்துமூலச் சமர்ப்பணம் யார் எழுதுவார், சக சட்டத்தரணிக்கு எதிரான காரணத்தை எழுதத் தயாரா? கடைசிக் கேள்விக்கு இங்குள்ள சிலர் தயங்குவது இயல்பு. சிறிய ஊர், தினமும் ஒரே அறையில் உட்காருகிறவர்கள். அதனால் இந்த ஒரு காரணத்துக்கு வெளியூர்ச் சட்டத்தரணி நல்லது என்பது எங்கள் எண்ணம். வழக்குக்காகப் போகும் குடும்பத்தார் இரவு முழுவதும் பயணித்து, நீதிமன்றம் இருக்கும் கொழும்புப் புதுக்கடைக்குப் போய், தவணை தள்ளிவைக்கப்பட்டு வெறுங்கையோடு திரும்பும் நாட்கள் நிறைய வரும். முதல் நாள் மாலை சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். மேன்முறையீட்டாளரைச் சிறையிலிருந்து சூம் வழியாகக் காட்டும் நடைமுறை கொவிட் காலத்திலிருந்து இருக்கிறது. அவரைப் பார்க்கலாம் என்று மட்டும் கொழும்புக்குப் போவதில் பயனில்லை.

வென்றால் என்ன கிடைக்கும்

சட்டத்தரணிப் பிழையில் வென்றால் பெரும்பாலும் விடுதலை இல்லை, மறுவிளக்கம். இதை முன்கூட்டியே விளங்கிக்கொள்ளாத குடும்பங்கள் வெற்றி நாளில் அழுகின்றன. சம்பவம் நடந்து பல ஆண்டுகள், சாட்சிகள் இறந்துபோனார்கள், எதிரி நெடுங்காலம் மறியலில் இருந்துவிட்டார் என்றால் மறுவிளக்கம் வேண்டாம் என்று கேட்கலாம். அதற்கான விபரங்களைச் சமர்ப்பணத்திலேயே வையுங்கள். தண்டனைக்கு எதிரான மேன்முறையீட்டில் தண்டனை கூடவும் செய்யலாம். மேன்முறையீட்டுக் காலம் தானாகத் தண்டனையில் கழியாது என்பதால், தோற்றாலும் தண்டனை மேல் நீதிமன்றத் தீர்ப்பு நாளிலிருந்து தொடங்குவதாகக் கட்டளையிடும்படி கேட்கத் தவறக்கூடாது. ஒரு வரிக் கோரிக்கை, பல வருடத்துக்குச் சமம். மேன்முறையீடு முடியும்வரை பிணை கேட்பதற்கு விசேட சூழ்நிலை வேண்டும். வெறும் தாமதமும் குடும்பக் கஷ்டமும் போதுவதில்லை.

சட்டத்தரணிமேல் முறைப்பாடு வேறு பாதை. 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 42ஆம் பிரிவின் கீழ் சட்டத்தரணியை இடைநிறுத்தவும் நீக்கவும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு உண்டு. 1988ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் அளவுகோல். காசு வாங்கிவிட்டுத் தோன்றவேயில்லை, ஆவணத்தைத் தரமாட்டேன் என்கிறார் போன்றவை அங்கே போகட்டும். அந்த முறைப்பாட்டால் மறியல் கதவு திறக்காது, அதை மேன்முறையீட்டு மனுவுக்குள் கொண்டுவந்தால் மனு கெடும்.

கொழும்பில் மேன்முறையீடு தள்ளுபடியானால் உயர் நீதிமன்றத்துக்கு விசேட அனுமதி கேட்க ஆறு கிழமை இருக்கிறது. தீர்ப்பு வந்த அன்றே அதன் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். நாட்காட்டியில் 42 எண்ணாமல் 30 எண்ணி வட்டமிடுங்கள்.